பாட்டுக்குள் பண்டமாகும் பெண்

காலையில் வீட்டை விட்டு இறங்கும் ஒரு மாணவி கல்லூரி வாசலை அடைவதற்குள் எத்தனை பாடல்களைக் கேட்கிறாள் என்று எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. சந்தியில் நிற்கும் ஓட்டோவில் ஒன்று, பஸ்ஸில் நாலைந்து, பக்கத்து ஆசனத்தில் இருப்பவரின் கையடக்கத் தொலைபேசியில் அரையும் குறையுமாகப் பத்து. இவற்றுள் ஒன்றைக்கூட அவள் விரும்பித் தேர்ந்தெடுக்கவில்லை. "எங்கள் வீட்டில் பாட்டே போடுவதில்லை" என்று சொல்லும் பெற்றோரின் பிள்ளைக்கும் இதே நிலைதான். கலியாண மண்டபத்தில், கடைத் தெருவில், அயல் வீட்டில், டிக்டொக்கில், யூடியூப் விளம்பரத்தில் எங்கோ ஓரிடத்தில் அந்தப் பாட்டு அவளை வந்து அடைந்து விடுகின்றது.

இசையைக் கேட்பது பற்றிய மார்க்கத் தீர்ப்பில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடுகள் உள்ளன. அதனை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமல்ல. கேட்கலாம் என்போரும் கூடாது என்போரும் ஒருமித்து ஏற்றுக்கொள்ளக்கூடிய ஒரு விடயத்தையே இங்கு பேச விழைகிறேன். ஒரு மனுஷியை அங்கம் அங்கமாகப் பிரித்து, விலை மதித்து, கேலி செய்து, மறுத்தால் திட்டி, அதற்குத் தாளமும் போட்டு நாள் முழுக்க ஒலிபரப்பினால், அது கேட்பவர் மனதில் ஒன்றும் செய்யாமல் போகுமா? அதன் விலையை யார் செலுத்துகிறார்கள்? இவையே என் கேள்விகள். நம் நாட்டுத் தமிழ் பேசும் வீடுகளில் அதிகம் ஒலிப்பது தமிழகத்துச் சினிமாப் பாடல் என்பதால், உதாரணங்களையும் பெரும்பாலும் அங்கிருந்தே எடுக்கிறேன்.

உவமையும் பண்டமும்

பெண்ணின் அழகைப் பாடுவது தமிழுக்குப் புதிதல்ல. முகத்தை நிலவுக்கும் நடையை அன்னத்துக்கும் ஒப்பிட்ட புலவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்துள்ளனர். கிழக்கிலங்கை முஸ்லிம் கிராமங்களிலே வழங்கிய கவிகளிலும் காதல் இருக்கின்றது. நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றோர் தேடித் தொகுத்த அந்தக் கிராமியப் பாடல்களிலே பெண் மச்சானுக்காகக் காத்திருக்கிறாள், கோபிக்கிறாள், ஏசுகிறாள், ஏங்குகிறாள். அங்கே அவளுக்கென்று ஒரு குரல் உண்டு. அவளும் பேசுகிறாள்.

இன்றைய பாடல்கள் பலவற்றில் நடந்திருக்கும் மாற்றத்தைப் புரிந்துகொள்ள, பெண் எதற்கு ஒப்பிடப்படுகிறாள் என்பதைக் கவனித்தால் போதும். மாம்பழம், கரும்பு, அல்வா, பிரியாணி, மதுக் குப்பி, புதிய வாகனம் என்று பட்டியல் நீளும். இவையெல்லாம் உண்ணவும் குடிக்கவும் ஓட்டவும் வாங்கப்படுபவை. நிலவை யாரும் தின்பதில்லை. அல்வாவைத் தின்றபின் தாளைக் கசக்கி எறிந்துவிடுவார்கள். உவமை மாறும்போது உறவும் மாறிவிடுகின்றது என்பதற்கு இதைவிட எளிய சான்று தேவையில்லை.

இத்தகைய பாடலுக்கு இந்தியத் திரையுலகம் சூட்டிய பெயரே அதன் உள்ளத்தைக் காட்டிக் கொடுக்கின்றது. "அயிட்டம் பாட்டு" என்கிறார்கள். அயிட்டம் என்றால் சாமான். கதையோடு தொடர்பில்லாமல் ஒரு பெண் வருவாள். அவளுக்குப் பெயர் இராது. ஊரோ, உறவோ, அந்தப் பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு வாழ்வோ இராது. ஐம்பது ஆண்கள் சூழ நிற்க அவள் ஆடுவாள். கமெரா அவள் முகத்தில் நிற்பதை விட இடையிலும் காலிலும் நிற்கும் நேரமே அதிகம். பாட்டு முடிந்ததும் அவள் காணாமற் போவாள். அடுத்த காட்சியில் கதாநாயகன் தன் தாயின் புகைப்படத்தைப் பார்த்து கண்கலங்குவான். பெண்களை இப்படி இரண்டு வகையாகப் பிரித்து, ஒன்றைக் கும்பிடவும் மற்றதை நுகரவும் பழக்கிய பெருமை நமது சினிமாவுக்கே உரியது.

சில வேளைகளில் பாட்டின் வரிகள் ஒன்றைச் சொல்ல, காட்சி வேறொன்றைச் சொல்லும். 2021 டிசம்பரில் 'புஷ்பா' திரைப்படம் வந்தபோது அதில் சமந்தா ஆடிய 'ஊ சொல்றியா' பாட்டு இந்தியாவெங்கும் பரவி நம் நாட்டுக்கும் வந்து சேர்ந்தது. பெண் எந்த ஆடை அணிந்தாலும், எந்த நிறத்தில் இருந்தாலும் ஆண்களின் பார்வை ஒன்றுதான் என்று அதன் வரிகள் சாடுகின்றன. ஆண்களை இழிவுபடுத்துவதாகக் கூறி ஆந்திராவில் ஆண்கள் சங்கம் ஒன்று அதற்கு எதிராக முறைப்பாடும் செய்தது. ஆனால் வரிகள் கண்டிக்கும் அதே பார்வையைத்தான் கமெரா பாட்டு முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கின்றது. வரிகளை ஒரு சிலர் கேட்டிருப்பார்கள். காட்சியை எல்லோரும் பார்த்தார்கள்.

துரத்தலும் தூற்றலும்

உடலைக் காட்டும் பாட்டை இனங்காண்பது எளிது. பெற்றோர் உடனே அலைவரிசையை மாற்றி விடுவார்கள். அதைவிட ஆபத்தான இரண்டு வகைகள் உண்டு. அவை குடும்பத்தோடு இருந்து பார்க்கும் படங்களிலும் வருகின்றன.

முதலாவது, துரத்தும் பாட்டு. கதாநாயகன் பெண்ணின் பின்னால் நடக்கிறான். பஸ்ஸில் ஏறினால் ஏறுகிறான், இறங்கினால் இறங்குகிறான். அவள் முகம் சுளிக்கிறாள், முறைக்கிறாள், வேண்டாம் என்கிறாள். அவனுடைய நண்பர்கள் சுற்றி ஆடுகிறார்கள். பாட்டின் நான்காவது நிமிடத்தில் அவள் சிரித்து விடுகிறாள். பார்த்துக்கொண்டிருக்கும் பதினைந்து வயதுப் பையன் இதிலிருந்து படிக்கும் பாடம் ஒன்றேதான்: "வேண்டாம்" என்பது பதிலல்ல, இன்னும் கொஞ்சம் பின்தொடர வேண்டும் என்பதற்கான அறிகுறி. பார்த்துக்கொண்டிருக்கும் பதினைந்து வயதுப் பெண்ணும் ஒரு பாடம் படிக்கிறாள். தன்னைத் தொந்தரவு செய்பவன் உண்மையில் தன்னை நேசிக்கிறான் போலும் என்று அவள் குழம்புகிறாள்.

இரண்டாவது, தூற்றும் பாட்டு. 2011 நவம்பரில் '3' என்ற திரைப்படத்துக்காகத் தனுஷ் பாடிய 'கொலவெறி' உலகெங்கும் பரவியது. காதலில் தோற்ற இளைஞனுக்கு 'சூப் பாய்' என்ற பட்டமும் அதனோடு பிரபலமானது. அதே ஆண்டு வெளிவந்த 'மயக்கம் என்ன' படத்தில், காதலை மறந்த பெண்ணை அடிக்கவும் உதைக்கவும் சொல்லி நண்பர்கள் குடித்துப் பாடும் பாட்டொன்று உண்டு. அதுவும் விருப்பத்தோடு பாடப்பட்டது. ஒரு பெண் தனக்கு விருப்பமில்லை என்று சொல்வது அவளது உரிமை. இந்தப் பாடல்களில் அது துரோகமாகின்றது. தோற்றவன் நீதிபதியாகின்றான். அரங்கம் கைதட்டுகின்றது.

2015 டிசம்பரில், சென்னை பெருவெள்ளத்தில் தத்தளித்துக் கொண்டிருந்த நாட்களில், நடிகர் சிலம்பரசனின் குரலில் ஒரு பாட்டு இணையத்தில் வெளியானது. பெண்ணின் உடலைக் குறிக்கும் கொச்சைச் சொல்லொன்றை 'பீப்' ஒலியால் மறைத்துப் பாடியிருந்ததால் அதற்கு 'பீப் பாட்டு' என்றே பெயர் வந்தது. தாம் வெளியிடாத பாட்டு யாராலோ கசியவிடப்பட்டது என்று அவர் தரப்பு கூறியது. மாதர் அமைப்புகள் தெருவில் இறங்கின. கோயம்புத்தூரிலும் சென்னையிலும் பொலிஸ் முறைப்பாடுகள் பதிவாகின. அந்த எதிர்ப்பு அவசியமானது. எனினும் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். ஒரு கெட்ட சொல்லுக்கு அவ்வளவு கோபப்பட்ட சமூகம், கெட்ட சொல் இல்லாமல் அதே இழிவைச் சொல்லும் நூற்றுக்கணக்கான பாடல்களுக்கு இன்றும் பிள்ளைகளை ஆடவிட்டு வீடியோ எடுக்கின்றது. சொல்லை மறைக்க ஒரு 'பீப்' போதும். கருத்தை மறைக்க எந்த ஒலியும் இல்லை.

ஆறு மாதங்களின் பின் 2016 ஜூன் 24ஆம் திகதி காலை, சென்னை நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் வேலைக்குச் செல்லக் காத்திருந்த இளம் பெண் பொறியியலாளர் ஒருவர் பலர் பார்த்திருக்க வெட்டிக் கொல்லப்பட்டார். பெண்ணைப் பின்தொடர்வதைக் காதலாக அலங்கரித்துக் காட்டும் சினிமாவைப் பற்றிய பெரும் விவாதம் தமிழகத்தில் அதன் பின்னரே எழுந்தது. ஒரு பாட்டுத்தான் அந்தக் கொலையைச் செய்தது என்று எவரும் சொல்ல முடியாது. ஆனால் மறுப்பை அவமானமாகக் கருதும் மனநிலைக்குப் பல ஆண்டுகளாகத் தாளம் போட்டது யார் என்று கேட்பது நியாயமானதே.

யாருக்கு இலாபம்?

இப்படியான பாடல்களைக் கண்டதும் நம்மவர் வாயில் முதலில் வருவது, ஆடும் பெண்ணைப் பற்றிய ஏச்சுத்தான். "வெட்கமில்லாதவள்" என்று சொல்லி முடித்து விடுகிறோம். அந்தப் பாட்டை எழுதியவர், இசையமைத்தவர், கமெராவை எங்கே வைப்பது என்று தீர்மானித்தவர், பணம் போட்டவர், இலாபம் எடுத்தவர் ஆகியோரில் பெரும்பாலானோர் ஆண்கள். அவர்களுடைய பெயர் நம் வாயில் வருவதில்லை.

சில்க் ஸ்மிதாவின் கதை இதற்கு ஓர் உதாரணம். 1980களில் தென்னிந்தியப் படங்களுக்கு அவருடைய ஒரு நடனம் விற்பனைச் சரக்காக இருந்தது. 'மூன்றாம் பிறை' போன்ற, இன்றும் போற்றப்படும் படத்தில்கூட அவருக்கென ஒரு நடனம் வைக்கப்பட்டது. பார்த்து இரசித்த அதே சமூகம் அவரை மரியாதையோடு பேசவில்லை. 1996 செப்டெம்பரில், 35 வயதில், சென்னையில் தமது வீட்டில் அவர் இறந்து கிடந்தார். அவரை வைத்து உழைத்தவர்கள் உழைத்துக்கொண்டே இருந்தார்கள். இந்த வியாபாரத்தில் பெண் ஒரு மூலப்பொருள். தீர்ந்ததும் அடுத்தவள் வருவாள்.

இன்று அந்த வியாபாரம் திரையரங்கை விட்டு நம் உள்ளங்கைக்கு வந்துவிட்டது. முன்பு படமொன்று தணிக்கைச் சபையைத் தாண்டித்தான் மக்களிடம் வரும். இணையத்தில் நேரடியாக வெளியாகும் பாட்டுக்கு அந்த வாசலும் இல்லை. எத்தனை முறை பார்க்கப்பட்டது என்பதே வருமானம். பதினைந்து விநாடித் துண்டாக வெட்டிப் பரவக்கூடிய அசைவு எதுவோ, அதற்காகவே பாட்டு அமைக்கப்படுகின்றது. அதைப் பார்த்து ஆடி வீடியோ போடும் பிள்ளைகள் ஒரு சதமும் வாங்காமல் அந்தக் கம்பனிக்கு விளம்பரம் செய்து கொடுக்கின்றனர்.

ஆய்வுகள் காட்டுவது

"பாட்டுத்தானே, இதில் என்ன இருக்கிறது" என்று சொல்பவர்களுக்காகச் சில ஆய்வுகளைக் குறிப்பிட விரும்புகிறேன்.

அமெரிக்க உளவியல் சங்கம் 2007இல் பெண் பிள்ளைகள் பாலியல் பண்டமாக்கப்படுவது பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. ஒருவரின் பெறுமதி அவரது உடற்கவர்ச்சியில் மட்டுமே உள்ளது என்று கருதுவது, கவர்ச்சியையே அழகு என்று கொள்வது, மனிதரைப் பிறர் பயன்பாட்டுக்கான பொருளாகப் பார்ப்பது, குழந்தைகள் மீது அவர்களது வயதுக்கு ஒவ்வாத பாலியலைத் திணிப்பது ஆகிய நான்கில் ஒன்று இருந்தாலும் அது பண்டமாக்கல்தான் என்று அவ்வறிக்கை வரையறுத்தது. உடலைப் பற்றிய வெட்கம், உணவுப் பழக்கக் கோளாறு, தாழ்வு மனப்பான்மை, மனச்சோர்வு ஆகியவற்றோடு இது தொடர்புபட்டிருப்பதையும் எடுத்துக்காட்டியது.

நான்காவது அம்சத்தை வாசிக்கும்போது நம் ஊர்ப் பாலர் பாடசாலைக் கலை விழாக்களே என் நினைவுக்கு வந்தன. ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு உதட்டுச் சாயம் பூசி, பெரியவர்களுக்காக எடுக்கப்பட்ட பாட்டுக்கு இடுப்பை அசைக்கப் பழக்கி மேடையேற்றுகிறோம். பிள்ளைக்கு அந்த வரிகளின் பொருள் தெரியாது. முன்வரிசையில் இருந்து கைதட்டும் நமக்குத் தெரியும்.

மாணவிகள் கவனிக்க வேண்டிய இன்னோர் ஆய்வு உண்டு. பார்பரா பிரெட்ரிக்சனும் சக ஆய்வாளர்களும் 1998இல் வெளியிட்டது அது. பல்கலைக்கழக மாணவ மாணவிகள் தனித்தனியாக ஓர் அறைக்குள் கண்ணாடி முன் நீச்சலுடையையோ கம்பளிச் சட்டையையோ அணிந்து பார்க்க வேண்டும். பின்னர் அதே ஆடையோடு கணித வினாக்களுக்கு விடை எழுத வேண்டும். கம்பளிச் சட்டை அணிந்த மாணவிகளை விட நீச்சலுடை அணிந்த மாணவிகள் குறைந்த புள்ளிகளையே பெற்றனர். மாணவர்களிடம் அப்படியான வித்தியாசம் காணப்படவில்லை. அந்த அறையில் அவர்களைப் பார்க்க வேறு எவரும் இருக்கவில்லை. தன் உடல் எப்படித் தெரிகிறது என்ற எண்ணமே மூளையின் ஒரு பகுதியைப் பிடித்து வைத்துக்கொண்டது. தன்னைத் தானே பிறர் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கும் பெண்ணுக்குப் படிப்பதற்கு முழு மனமும் கிடைப்பதில்லை. உயர்தரப் பரீட்சைக்குத் தயாராகும் பிள்ளை பாடப் புத்தகத்துக்கும் தொலைபேசிக் கமெராவுக்கும் இடையே அலைவதைப் பார்க்கும் உம்மாமாருக்கு இது எளிதில் விளங்கும்.

ஆண் பிள்ளைகள் பக்கத்தையும் பார்ப்போம். ஜேர்மனியின் ஆய்வாளர்கள் இருவர் 2006இல் வெளியிட்ட ஆய்வொன்றில், பெண்களை இழிவுபடுத்தும் பாட்டைக் கேட்ட ஆண்களிடம் மிளகாய் சோஸ் கொடுத்து, ஒரு பெண்ணுக்கு வேண்டிய அளவை ஊற்றச் சொன்னார்கள். சாதாரண பாட்டைக் கேட்டவர்களை விட இவர்கள் கூடுதலாக ஊற்றினார்கள். அதே ஆண்டு அமெரிக்காவில் 12 முதல் 17 வயது வரையான 1,461 பிள்ளைகளைத் தொடர்ந்து அவதானித்த ஆய்வொன்றும் வெளிவந்தது. பெண்ணை இழிவாகச் சித்திரிக்கும் பாலியல் வரிகளை அதிகம் கேட்டவர்கள், மற்றவர்களை விடச் சிறு வயதிலேயே பாலியல் உறவுகளில் இறங்கும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. இழிவில்லாத காதல் பாடல்களுக்கு அத்தகைய தொடர்பு தென்படவில்லை. குற்றவாளி காதலல்ல, அதற்குள் கலக்கப்பட்ட இழிவுதான் என்பதை இந்த வேறுபாடு உணர்த்துகின்றது. ஓர் ஆய்வு எல்லாவற்றையும் நிரூபித்துவிடாது என்பதும் உண்மையே. ஆனாலும் பல திசைகளிலிருந்து வரும் முடிவுகள் ஒரே பக்கம் விரல் நீட்டும்போது அதை அலட்சியம் செய்வது அறிவுடைமையாகாது.

விலையைச் செலுத்துபவள்

ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் 2015இல் இலங்கையின் 25 மாவட்டங்களிலும் 15 முதல் 35 வயது வரையான 2,500 பெண்களிடம் ஆய்வு நடத்தியது. பஸ்ஸிலும் ரயிலிலும் பாலியல் தொந்தரவுக்கு உள்ளானதாக 90 வீதமானோர் கூறினர். பொலிஸின் உதவியை நாடியவர்கள் 4 வீதமானோர் மாத்திரமே.

ஏன் மற்றவர்கள் வாய் திறக்கவில்லை? நம் சமூகத்தைப் பொறுத்தவரை விடை நம் எல்லோருக்கும் தெரியும். டியூசன் முடிந்து வரும் வழியில் நாலு பையன்கள் நின்று ஒரு பாட்டு வரியை அவளை நோக்கிப் பாடுகிறார்கள். அவர்கள் சொந்தமாக ஒரு சொல்லும் சொல்லவில்லை. பாட்டுத்தான் பாடினார்கள். அதனால் அவளால் எவரிடமும் முறையிட முடியவில்லை. வீட்டில் சொன்னால் நடக்கப்போவது என்ன என்பதும் அவளுக்குத் தெரியும். "இனி டியூசனுக்குப் போக வேண்டாம்" என்பார் வாப்பா. தொலைபேசி பறிக்கப்படும். "நீ எப்படிப் போனாய், யாரைப் பார்த்தாய்" என்று கேள்விகள் எழும். சில வீடுகளில் கலியாணப் பேச்சும் தொடங்கும். பாடிய பையன்கள் மறுநாளும் அதே சந்தியில் நிற்பார்கள். பிழை செய்தவன் தெருவில் இருக்க, பிழை செய்யாதவள் வீட்டுக்குள் அடைக்கப்படுகிறாள். ஆகவே அவள் சொல்லாமலே இருந்து விடுகிறாள்.

நம் மார்க்கம் காட்டித் தந்த ஒழுங்கு இதுவல்ல. சூரா அந்-நூரில் பார்வையைத் தாழ்த்துமாறு வரும் கட்டளை முதலில் ஈமான் கொண்ட ஆண்களுக்கே வருகின்றது. பெண்களுக்கான கட்டளை அதனை அடுத்த வசனத்திலேயே வருகின்றது. நாமோ இரண்டாவது வசனத்தை மகளுக்குப் பலமுறை ஓதிக் காட்டுகிறோம். முதலாவது வசனத்தை மகனுக்கு எத்தனை முறை ஓதிக் காட்டியிருக்கிறோம்? ஒருவரையொருவர் பரிகசிக்கவும் பட்டப் பெயர் சூட்டி அழைக்கவும் வேண்டாம் என்று சூரா அல்-ஹுஜுராத் தடுக்கின்றது. பெண்ணுக்குப் பட்டப் பெயர் சூட்டிப் பரிகசிப்பதையே தொழிலாகக் கொண்ட பாட்டு நம் பையன்களின் வாயில் நாள் முழுக்க இருப்பதை நாம் "வயசுப் பிள்ளைகள்" என்று சொல்லிக் கடந்து போகிறோம்.

சில சமாதானங்கள்

"பிடிக்காவிட்டால் கேட்காமல் இருங்கள்" என்பது ஒரு சமாதானம். பஸ்ஸில் போகும் மாணவியிடம் ஒலிபெருக்கியின் பொத்தான் இல்லை. அதோடு, அவள் காதைப் பொத்திக்கொண்டாலும் அந்தப் பாட்டைக் கேட்ட பையன் அவளுக்கு முன்னால்தான் நிற்கிறான்.

"சில பெண்கள் விரும்பித்தானே பாடுகிறார்கள், ஆடுகிறார்கள்" என்பது இன்னொன்று. ஒரு சிலர் விரும்புவதால், விரும்பாத இலட்சக்கணக்கானோர் மீது அந்த அளவுகோலை வைக்கும் உரிமை எவருக்கும் வந்துவிடாது. மேலும், வாய்ப்புக்கான வாசல் ஒன்றே ஒன்றாக இருக்கும்போது அதன் வழியாகப் போவதை முழுமையான விருப்பம் என்று சொல்லவும் முடியாது.

"இப்படி எழுதினால்தான் விற்கும்" என்பது மூன்றாவது. கவிஞர் தாமரை ஆபாச வரிகளை எழுதுவதில்லை என்ற உறுதியோடு திரைத்துறைக்குள் வந்தவர். 2001இல் 'மின்னலே' படத்துக்கு அவர் எழுதிய 'வசீகரா' காதலிக்கும் பெண்ணொருத்தியின் குரலாகவே ஒலித்தது. இருபது ஆண்டுகளைக் கடந்தும் அது மறக்கப்படவில்லை. கண்ணியம் விற்காது என்பது வியாபாரிகள் கட்டிய கதை.

"எல்லாவற்றையும் தடைசெய்து விட்டால் சரி" என்பாரும் உளர். தொலைபேசி இருக்கும் காலத்தில் தடைசெய்யப்பட்ட பாட்டுக்குத்தான் மதிப்பு அதிகம். தடுப்பதை விட, கேட்டதை எடைபோடும் அறிவைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதே நிலைத்து நிற்கும்.

நாம் செய்யக்கூடியவை

பெற்றோரே, பிள்ளை முணுமுணுக்கும் பாட்டை ஒருமுறை முழுமையாகக் கேளுங்கள். கேட்டதும் தொலைபேசியைப் பறிக்க வேண்டாம். "இந்த வரியில் அவளை எதற்கு ஒப்பிட்டிருக்கிறான்? உன் தாத்தாவைப் பார்த்து ஒருவன் இதைப் பாடினால் உனக்கு எப்படி இருக்கும்?" என்று மகனிடம் கேளுங்கள். மகள் வந்து ஒரு தொந்தரவைச் சொன்னால், அவளுடைய டியூசனை நிறுத்துவதை விட்டு, நானாவோ வாப்பாவோ அந்தச் சந்திக்குப் போய்ப் பேசுங்கள். பள்ளிவாசல் நிர்வாகத்திடமும் அந்தப் பையன்களின் வீட்டாரிடமும் சொல்லுங்கள். கலியாண மண்டபத்தில் எதைப் போட வேண்டும், பாலர் பாடசாலை மேடையில் எதற்கு ஆட வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது வாடகைக்கு வரும் ஒலிபெருக்கிக்காரர் அல்ல. காசு கொடுக்கும் நாம்தான்.

நம் நாட்டுச் சட்டமும் இந்த விடயத்தில் மௌனமாக இல்லை. தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு, செயலால் மட்டுமன்றி வார்த்தைகளால் செய்யப்படும் பாலியல் தொந்தரவையும் குற்றமாகவே கொள்கின்றது. ஐந்து ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். பாட்டாகப் பாடினாலும் வார்த்தை வார்த்தைதான். 1938 என்ற இலக்கத்தில் பெண்களுக்கான உதவிச் சேவையும், 1929 என்ற இலக்கத்தில் சிறுவர் பாதுகாப்புச் சேவையும் இருக்கின்றன. இவை ஒவ்வொரு மாணவியின் நினைவிலும் இருக்க வேண்டியவை.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தமிழ்ப் பாடத்தில் உவமை அணியைக் கற்பிக்கும்போது பழைய செய்யுளோடு ஒரு புதிய பாட்டையும் வைத்து, இரண்டிலும் பெண் எவ்வாறு சித்திரிக்கப்படுகிறாள் என்று மாணவிகளையே பேச விடலாம். வாய்மூடி இருக்கும் பிள்ளைகளும் அன்று பேசுவார்கள்.

அன்புச் சகோதரிகளே, ஒரு வீடியோவுக்கு எத்தனை 'லைக்' விழுகிறது என்பது உங்கள் பெறுமதியின் அளவுகோல் அல்ல. உங்களைப் பார்த்துத் தெருவில் ஒருவன் பாடினால் அது உங்கள் அழகுக்கான பாராட்டும் அல்ல, உங்கள் ஆடைக்கான தண்டனையும் அல்ல. அது அவனுடைய பிழை. அதை உங்கள் தோளில் சுமக்க வேண்டாம். சொல்லுங்கள். உம்மாவிடம், ஆசிரியையிடம், நம்பக்கூடிய ஒருவரிடம் சொல்லுங்கள். சொல்லும் தோழியை "நீ ஏன் அந்த வழியால் போனாய்" என்று கேட்டு வாயடைக்காதீர்கள்.

அத்தோடு எழுதுங்கள். பெண்ணைப் பற்றிய பாட்டைப் பெண் எழுதாமல் விட்ட இடத்தில்தான் பிறர் வந்து அவளைப் பண்டமாக்கி எழுதிவிட்டார்கள். வயலிலும் தொட்டிலடியிலும் கவி கட்டிப் பாடிய நம் மூதாதைப் பெண்களில் பலருக்கு எழுத்தறிவு இல்லை. ஆனாலும் தம் மனதைத் தம் சொல்லில் சொன்னார்கள். எழுதப் படிக்கத் தெரிந்த நமக்கு அந்தத் தைரியம் ஏன் இல்லாமற் போக வேண்டும்? இந்தச் சஞ்சிகையின் அடுத்த இதழில் வெற்றுப் பக்கங்கள் காத்திருக்கின்றன.